ஃபுட்ஹில் எக்ஸ்பிரஸ்வே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குபர்டினோவுக்கும் சன்னிவேலுக்கும் புதிதாகக் குடிவருகிறவர்கள், கோடையில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள், சனிக்கிழமை காலையில் சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் எல்லாருமே இந்த ஒரு சாலையைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாலோ ஆல்டோ வேலைக்குப் பல வருஷம் இதே வழியில் போய்வந்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

இந்த ரோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?

கலிபோர்னியாவின் சான்ட்டா கிளாரா கவுண்டியில் இருக்கிறது. தெற்கு முனை குபர்டினோவும் லாஸ் ஆல்டோஸும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், இன்டர்ஸ்டேட் 280 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். வடக்கு முனை பாலோ ஆல்டோவில், பேஜ் மில் ரோட்டில். நீளம் சுமார் 7 மைல், அதாவது 11 கிலோமீட்டர். நடுவில் பெரும்பகுதி லாஸ் ஆல்டோஸ் ஊருக்குள் போகிறது.

தெற்கிலிருந்து வந்தால் ஹோம்ஸ்டெட் ரோடு, கிராண்ட் ரோடு, லயோலா கார்னர்ஸ் பாலத்தடி, மக்டலீனா, எல் மான்ட்டே, சான் அன்டோனியோ ரோடு, எடித் அவென்யூ, அராஸ்ட்ரடேரோ, ஹில்வியூ, கடைசியாக பேஜ் மில். இதை மனப்பாடம் செய்துகொண்டால் ஜிபிஎஸ் தேவைப்படாது.

கவுண்டி ரோடுன்னா என்ன? நம்ம ஊர் பஞ்சாயத்து ரோடு மாதிரியா?

அதைவிட ஒரு படி மேலே. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. அமெரிக்காவில் சாலைகள் மாநிலத்துக்குச் சொந்தம், கவுண்டிக்குச் சொந்தம், நகரத்துக்குச் சொந்தம் என்று பிரிந்திருக்கும். சாதாரணமாக ஒரு நகர எல்லைக்குள் இருக்கும் சாலையை அந்த நகரமே பார்த்துக்கொள்ளும். எல்லைக்கு வெளியே உள்ள கிராமப்புறச் சாலைகள்தான் கவுண்டிக்கு.

சான்ட்டா கிளாரா கவுண்டி இந்த வழக்கத்தை மீறியது. இங்கே எட்டு எக்ஸ்பிரஸ்வேக்கள் நகரங்களுக்கு நடுவே புகுந்து போகின்றன, ஆனால் எட்டையும் கவுண்டியின் சாலைத் துறைதான் பராமரிக்கிறது. ஆல்மடேன், கேபிடல், சென்ட்ரல், ஃபுட்ஹில், லாரன்ஸ், மான்டேகு, ஆரிகன்-பேஜ் மில், சான் தோமாஸ். எல்லாம் சேர்த்து சுமார் 62 மைல்.

கவுண்டிக்கு ஏன் இந்த ஆசை வந்தது? மாநிலமே போட்டிருக்கலாமே?

ஜனத்தொகைதான் காரணம். 1950இல் இந்தக் கவுண்டியில் இருந்தவர்கள் சுமார் 2.9 லட்சம் பேர். 1960இல் 6.4 லட்சம். 1970இல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆப்ரிகாட், பிளம் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்தன. வீடுகள் வந்த வேகத்துக்கு மாநிலத்தின் நெடுஞ்சாலைகள் வரவில்லை.

காத்திருந்தால் ஆகாது என்று கவுண்டியே 70 மில்லியன் டாலர் கடன்பத்திரம் வெளியிட வாக்காளர்களிடம் அனுமதி கேட்டது. 1961இல் அது நிறைவேறியது. எக்ஸ்பிரஸ்வேக்கள் அந்தப் பணத்தில் பிறந்தவை. பின்னால் 2016இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட அரை சதவீத விற்பனை வரியிலும் எக்ஸ்பிரஸ்வே வேலைகளுக்கு 750 மில்லியன் டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக இங்கே கடையில் விற்பனை வரி உள்ள எதை வாங்கினாலும் இந்தச் சாலைகளுக்கும் கொஞ்சம் கொடுக்கிறோம்.

எக்ஸ்பிரஸ்வேன்னு பேரு, ஆனா சிக்னல்ல சிக்னலா நிக்கிறோம்?

இது எல்லாருக்கும் வரும் ஏமாற்றம். இந்த ஊர் வழக்கில் ஃப்ரீவே வேறு, எக்ஸ்பிரஸ்வே வேறு. ஃப்ரீவேயில் சிக்னலே இருக்காது, ஏறவும் இறங்கவும் தனிச் சரிவுப் பாதைகள் இருக்கும். எக்ஸ்பிரஸ்வே ஃப்ரீவேக்கும் சாதாரணத் தெருவுக்கும் நடுவிலான பிறவி. வீட்டு வாசல்களும் கடை வாசல்களும் நேரே இதில் திறக்காது. குறுக்குச் சாலைகளும் குறைவு. ஆனால் அந்தக் குறைவான சந்திப்புகளில் சிக்னல் உண்டு. சரி, பேரை வைத்தவர்களைக் குறை சொல்லலாம், சாலையைக் குறை சொல்ல முடியாது.

டோல் கட்டணுமா? கார்பூல் லேன் இருக்கா?

இரண்டும் இல்லை. (கார்பூல் லேன் என்றால் ஒரே காரில் சேர்ந்து போகிறவர்களுக்கான தனித் தடம்.)

நீலக் கலர்ல ஐந்து மூலைப் பலகையில ஜி-5னு பார்த்தேன். அது எந்த ஹைவே?

அது இதே சாலைதான். கலிபோர்னியா 1958இல் கவுண்டிச் சாலைகளுக்கும் எண் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. மாநிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. சான்ட்டா கிளாரா, சான் மட்டேயோ, சான்ட்டா குரூஸ், மான்ட்டெரே, சான் பெனிட்டோ ஆகிய ஐந்து கவுண்டிகளுக்கும் ஜி. அதில் ஐந்தாவது எண் ஃபுட்ஹில்லுக்கு. பேஜ் மில் ரோடு ஜி-3, லாரன்ஸ் ஜி-2.

நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் "ஜி-5 வழியா வா" என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நீங்கள் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

ஃபுட்ஹில் பூலவார்டு, ஃபுட்ஹில் காலேஜ், ஃபுட்ஹில் ஃப்ரீவே எல்லாம் இதுதானா?

இல்லை. ஃபுட்ஹில் பூலவார்டு என்பது எக்ஸ்பிரஸ்வேயின் தெற்குத் தொடர்ச்சி. 280ஐத் தாண்டியதும் பெயர் மாறிவிடும், அங்கிருந்து அது குபர்டினோ நகரச் சாலை. ஸ்டீவன்ஸ் கிரீக் பூலவார்டைக் கடந்து இன்னும் போனால் ஸ்டீவன்ஸ் கேன்யன் ரோடு என்று மறுபடி பெயர் மாறி நீர்த்தேக்கத்துக்குப் போகும். வடக்கிலும் இதே கதை. பேஜ் மில்லைத் தாண்டினால் ஹுனிபெரோ செர்ரா பூலவார்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நிலத்தை ஒட்டிப் போகும்.

ஃபுட்ஹில் காலேஜ் இந்தச் சாலையில் இல்லை. எல் மான்ட்டே சந்திப்பில் மலைப்பக்கம் திரும்பி 280 வரை ஏற வேண்டும், லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் இருக்கிறது. மகளுக்கு அட்மிஷன் விசாரிக்கக் கிளம்பிய ஒருவர் எக்ஸ்பிரஸ்வேயில் மேலும் கீழும் மூன்று முறை போய்த் தேடியது எனக்குத் தெரியும். ஃபுட்ஹில் ஃப்ரீவே என்பது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து இன்டர்ஸ்டேட் 210. அதற்கும் இதற்கும் ஐந்தாறு மணி நேர தூரம். 'மலையடிவாரம்' என்று பெயர் வைக்க கலிபோர்னியாவில் இடத்துக்கா பஞ்சம்!

வழியில டீ குடிக்க ஒரு கடைகூட இல்லையே?

கடை இருக்கிறது, சாலையின் மேல் இல்லை. வாசல் திறக்கக் கூடாது என்ற விதியை மேலே சொன்னேன். அதனால் வீடுகள் இதற்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. வேலியும் மரமும்தான் கண்ணில் படும். சில இடங்களில் இணையாக ஒரு சின்னத் தெரு ஓடும், பாலோ ஆல்டோவில் மிராண்டா அவென்யூ, லாஸ் ஆல்டோஸில் யூனிவர்சிட்டி அவென்யூ. அந்த வீடுகளுக்கு வாசல் அங்கேதான்.

டீக்கோ காபிக்கோ லாஸ் ஆல்டோஸ் மெயின் ஸ்ட்ரீட்டில் திரும்புங்கள். எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து நடந்தே போகலாம், அவ்வளவு பக்கம். அது ஏன் அவ்வளவு பக்கம் என்பதற்கு அடுத்த பதிலைப் படிக்க வேண்டும்.

இங்க முன்னாடி ரயில் ஓடிச்சாமே, நிஜமா?

நிஜம். எனக்கு இந்தச் சாலையில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான். 1908இல் சதர்ன் பசிஃபிக் ரயில்வே பாலோ ஆல்டோ பக்கத்து மேஃபீல்டிலிருந்து மலையடிவாரமாகவே லாஸ் கேட்டோஸுக்கு ஒரு கிளைப்பாதை போட்டது. நீராவி ரயில் ஓடியது. கொஞ்ச காலத்திலேயே மின்சார வண்டிகளும் ஓடின. மின்சார வண்டிகள் 1930களில் நின்றுபோயின. சான் ஃபிரான்சிஸ்கோ வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் மட்டும் ஓடியது. 1964இல் அதுவும் நின்றது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அந்த நிலத்தில் கவுண்டி போட்டதுதான் நாம் ஓட்டும் சாலை.

தெரிந்துகொண்டு ஓட்டிப் பாருங்கள், சாலையே காட்டிக்கொடுக்கும். மலையடிவாரத்தில் போகிறது, ஆனால் செங்குத்தான ஏற்றம் எங்கேயும் இல்லை. வளைவுகள் எல்லாம் நீளமாக, மெதுவாக வளைகின்றன. காருக்கு இவ்வளவு சாவதானமான வளைவு தேவையில்லை, ரயிலுக்குத்தான் தேவை. சுற்றியுள்ள தெருக்கள் ஒரு கோணத்தில் இருக்க, இது மட்டும் தன்பாட்டுக்குச் சாய்ந்து போவதும் அதனால்தான்.

லாஸ் ஆல்டோஸின் பழைய ஸ்டேஷன் கட்டடம் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் இன்னும் நிற்கிறது. ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே கடைத்தெரு, நம் ஊர் ரயிலடி மாதிரியே. ரயில் போய்விட்டது, கடைத்தெரு அதே இடத்தில் இருக்கிறது.

அடடா, ரயிலை ஏன் எடுத்தாங்க? இப்ப இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

கேட்காதவர்கள் இல்லை. 1960களின் கண்ணோட்டத்தில் பாருங்கள். எல்லாரும் கார் வாங்கிவிட்டார்கள், ரயிலில் கூட்டம் குறைந்துவிட்டது. மறுபுறம் கவுண்டிக்கு எக்ஸ்பிரஸ்வே போட நீளமான, தொடர்ச்சியான நிலம் வேண்டும். வீடுகளை இடிக்காமல் அப்படி ஒரு நிலம் ரயில் பாதையாக ஏற்கெனவே கிடந்தது.

அதன் மதிப்பு பக்கத்து ஆரிகன் எக்ஸ்பிரஸ்வேயைப் பார்த்தால் புரியும். அங்கே குடியிருப்பு நடுவே வீடுகளை அகற்றித்தான் சாலை போட வேண்டியிருந்தது. பாலோ ஆல்டோவில் பெரிய சண்டை, 1962இல் வாக்கெடுப்புவரை போய்ச் சொற்ப வித்தியாசத்தில்தான் தப்பியது. என் சொந்த அபிப்பிராயம், ஒற்றைத் தண்டவாளத்தையாவது ஓரமாக விட்டிருக்கலாம். மாலை ஆறு மணிக்கு எல் மான்ட்டே சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இந்த அபிப்பிராயம் பலப்படுகிறது.

லாஸ் ஆல்டோஸ் ஊரையே ரயில்வேக்காரங்கதான் கட்டினாங்களாமே?

கிட்டத்தட்ட. சதர்ன் பசிஃபிக்கில் அதிகாரியாக இருந்து பின்னால் அதன் தலைவராகவே ஆன பால் ஷூப் என்பவரும் கூட்டாளிகளும் 1907இல் ஆல்டோஸ் லேண்ட் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கி மனை போட்டு விற்றார்கள். ரயில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் நிலம் வாங்குவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே! முதலில் யோசித்த பெயர் 'பேங்க்ஸ் அண்ட் பிரேஸ்' என்ற ஸ்காட்லாந்து வாடை அடிக்கும் பெயர். நல்லவேளை, 'மேட்டு நிலம்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயருக்கு மாறினார்கள்.

அந்த நிலத்தின் பெரும்பகுதி சாரா வின்செஸ்டருடையது. துப்பாக்கிக் கம்பெனிக் குடும்பத்தின் விதவை. சான் ஹோசேயில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோமே, கதவைத் திறந்தால் சுவர் வரும் மர்ம மாளிகை, அதன் சொந்தக்காரர். இங்கே அவருக்கு 140 ஏக்கர் பண்ணை இருந்தது. தண்டவாளம் பண்ணையை இரண்டாகப் பிளக்கும் என்று எதிர்த்தார். கடைசியில் 100 ஏக்கரை விற்றுவிட்டார். ஊர் தனி நகரமானது 1952இல். பக்கத்து நகரங்கள் விழுங்கிவிடும் என்ற பயம் அதில் பெரிய பங்கு.

லயோலா கார்னர்ஸ்னு பேரு, ஆனா லயோலா காலேஜ் எதுவும் இல்லையே?

சென்னைக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. சம்பந்தம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டுமே இயேசு சபையைத் தொடங்கிய புனித இக்னேஷியஸ் லயோலாவின் பெயர். சான்ட்டா கிளாரா கல்லூரியை நடத்திய அந்தச் சபையினர் இங்கே புதிய வளாகம் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். 1906 ஏப்ரல் பூகம்பம் வந்தது, பணக் கஷ்டம் வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி வராமலே பெயர் மட்டும் வந்து தங்கிவிட்டது.

முழு ரோடும் பழைய தண்டவாளத்து மேலதான் போகுதா?

இதைக் கேட்டவர் கொஞ்சம் வரைபடம் பார்த்தவர். இல்லை, முழுதும் இல்லை. லாஸ் ஆல்டோஸ் பகுதி ரயில் பாதைதான். வடக்கே அராஸ்ட்ரடேரோவுக்கு அருகில் இரண்டும் பிரிகின்றன. எக்ஸ்பிரஸ்வே நேராக பேஜ் மில்லுக்குப் போகிறது. ரயிலோ வலப்பக்கம் விலகி, இன்றைய கன் உயர்நிலைப் பள்ளியின் பின்புறமாக மேஃபீல்டு ஸ்டேஷனை நோக்கிப் போனது. மேஃபீல்டு தனி ஊராக இருந்து 1925இல் பாலோ ஆல்டோவோடு சேர்ந்துவிட்டது. கால்ட்ரெய்ன் என்ற புறநகர் ரயிலின் கலிபோர்னியா அவென்யூ ஸ்டேஷன் இருப்பது அங்கேதான்.

பிரிந்துபோன அந்தத் துண்டு வீணாகவில்லை. பால் பார்க் (Bol Park) நடைபாதை என்று பாலோ ஆல்டோவில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை இருக்கிறதே, அது அதே ரயில் நிலம். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் நடக்க நல்ல இடம்.

அப்ப தண்டவாளம் எங்கயுமே மிச்சம் இல்லையா?

இருக்கிறது, 280க்குத் தெற்கே. குபர்டினோவில் பப் ரோட்டுக்குப் பக்கத்தில் ஸ்டீவன்ஸ் கிரீக் பூலவார்டைக் கடக்கும்போது கார் தடக்கென்று ஏறி இறங்குமே, அது அதே கிளைப்பாதையின் மிச்சம். அங்கே மட்டும் பிழைத்ததற்குக் காரணம் சிமெண்ட். 1939இல் ஹென்றி கைசர் என்ற தொழிலதிபர் ஷாஸ்டா அணைக்கு சிமெண்ட் கொடுப்பதற்காக மலையில் பெர்மனென்ட்டே ஆலையைத் தொடங்கினார். ஆலைக்கு ரயில் தேவைப்பட்டது, அதனால் தண்டவாளம் தங்கியது. சூளையை நிரந்தரமாக மூடுவதாக 2022இல் அறிவித்துவிட்டார்கள். இப்போது அந்தப் பாதையையும் நடைபாதையாக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு.

பேஜ் மில், அராஸ்ட்ரடேரோ, இதெல்லாம் என்ன பேருங்க?

இரண்டுமே மர வியாபாரத்தின் ஞாபகம். வில்லியம் பேஜ் என்பவர் மலைக்கு அந்தப்புறம் மர அறுவை மில் வைத்திருந்தார். அங்கிருந்து செம்மரம் கொண்டுவரப் போட்ட பாதை பேஜ் மில் ரோடு. அராஸ்ட்ரடேரோ ஸ்பானியச் சொல், இழுத்துப்போகும் வழி என்று பொருள். செம்மரம் என்று சொன்னால் நமக்கு ஆந்திரக் காடு ஞாபகம் வரும். இது வேறு, வானுயர வளரும் ரெட்வுட்.

சைக்கிள்ல போகலாமா? பயமா இருக்கே.

போகலாம், அனுமதி உண்டு. எக்ஸ்பிரஸ்வேக்களிலேயே சைக்கிள்காரர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான். ஓரத்தில் நல்ல அகலமான இடம் இருக்கிறது, சந்திப்புகள் குறைவு, ஏற்றம் குறைவு. ஏற்றம் குறைவு என்பதற்கும் ரயிலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கவனிக்க வேண்டியது சந்திப்புகளில். வலதுபக்கம் திரும்பும் கார்கள் உங்கள் ஓரப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். அங்கே ஓரத்தில் ஒட்டி நிற்காமல், நேராகப் போகும் தடத்தில் முன்கூட்டியே சேர்ந்துவிடுங்கள். முதல் தடவை என்றால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் போய்ப் பழகுங்கள். சின்னப் பிள்ளைகளோடு என்றால் இங்கே வேண்டாம், மேலே சொன்ன பால் பார்க் பாதைக்குப் போங்கள்.

ரோட்டுல குழி இருந்தா யாருகிட்ட சொல்றது? டிக்கெட் கொடுக்கிறது எந்த போலீஸ்?

குழி, சிக்னல் கோளாறு, விழுந்த மரம் என்றால் கவுண்டியின் சாலைத் துறை. நகராட்சிக்குச் சொன்னால் அவர்கள் உங்களைக் கவுண்டிக்கு அனுப்புவார்கள், நான் ஒரு தடவை அப்படி அலைந்திருக்கிறேன். குழி குறுக்குத் தெருவில் இருந்தால் மட்டும் அந்த நகரம்.

போலீஸ் கணக்கு வேறு. சாலை கவுண்டியுடையதாக இருந்தாலும், நகர எல்லைக்குள் வேகமாகப் போனால் அந்த நகர போலீஸ்தான் நிறுத்தும். லயோலா பக்கம் எந்த நகரத்திலும் சேராத பகுதி. அங்கே கலிபோர்னியா ஹைவே பேட்ரோல். ஏழு மைலுக்குள் இத்தனை பேர் அதிகாரத்தில் இருப்பதால், பலகையில் போட்ட வேகத்தில் போவதுதான் மலிவு.

ஸ்டீவ் ஜாப்ஸ் வீடு இந்த ரோட்டுலதானே?

இந்தச் சாலையில் இல்லை. அவர் வளர்ந்த வீடு லாஸ் ஆல்டோஸில், எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து உள்ளே போகும் ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெருவில் இருக்கிறது. 2013இல் நகரம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் உள்ளே விட மாட்டார்கள், அது தனியார் வீடு. தெருவிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவது மரியாதை. ஆப்பிள் கம்பெனி பிறந்ததாகச் சொல்லும் கார் ஷெட்டைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்காத மாமாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

பக்கத்துலயே 280 இருக்கும்போது இந்த ரோடு எதுக்கு? எதுல போறது நல்லது?

280 இங்கே திறந்தது 1960களின் பிற்பகுதியில், ஃபுட்ஹில் வந்த பிறகு. அதனால் இரண்டும் ஒரே திசையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே ஓடுகின்றன. தூரப் பயணம் முழுதும் 280க்குப் போய்விட்டது. ஃபுட்ஹில்லில் இன்று போகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவர்கள், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிப் பூங்காவில் வேலை பார்க்கிறவர்கள். 1951இல் தொடங்கிய அந்தப் பூங்காவில்தான் ஹ்யூலெட் பேக்கர்டு முதல் விஎம்வேர் வரை தலைமையகம் வைத்தார்கள். அதன் மேற்குப் பக்கத்து அலுவலகங்களுக்கு ஹில்வியூ சிக்னல்தான் வாசல்.

என் கணக்கு இது. குபர்டினோவிலிருந்து பேஜ் மில் வரை முழு தூரமும் போக வேண்டும் என்றால் 280. இறங்கும் இடம் ஹில்வியூவோ அராஸ்ட்ரடேரோவோ என்றால் காலை ஏழரைக்கு முன் ஃபுட்ஹில். பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாளில் எட்டு மணிக்கு கிராண்ட் ரோடு சந்திப்பில் மாட்டினால் 280ஐ நினைத்து ஏங்குவீர்கள். 280இலிருந்து இங்கே வருகிறவர்களுக்கு இன்னொன்று, வெளியேறும் பலகையில் 'ஃபுட்ஹில் எக்ஸ்பிரஸ்வே, கிராண்ட் ரோடு' என்று இரண்டு பெயரும் இருக்கும். இறங்கியதும் பாலோ ஆல்டோ பக்கம் திரும்புங்கள், எதிர்ப்பக்கம் போனால் ஸ்டீவன்ஸ் கிரீக் நீர்த்தேக்கத்தில் போய் நிற்பீர்கள்.